வண்டியை அணைக்கும் முன் ஒரு நிமிஷம்

தாம்பரம் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் எங்கள் கார் முதலில் விசில் அடித்தது. அடுத்து ஊளையிட்டது. அதற்கும் அடுத்து, சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அந்த நிலைக்கு வந்து பின்னால் நீலப் புகையைக் கக்க ஆரம்பித்தது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர் ராமலிங்கம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் எங்கள் காலனிச் செயலாளர் வரதராஜன் சார், மடியில் முறுக்கு டின்னோடு. பூனாவில் இருக்கும் பேரனைப் பார்க்க விமானம் ஏறப் போகிறார். பின் சீட்டில் நான். போகிற வழியில் என்னைப் பல்லாவரத்தில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அங்கிருந்து குன்றத்தூர் பஸ்ஸைப் பிடித்து, திருமுடிவாக்கத்தில் இறங்கி நான் வேலைக்குப் போக வேண்டும்.

"கால் டாக்ஸி எதுக்கு சார்? நம்ம டர்போ இருக்கு. மிதிச்சா பறக்கும்" என்று வரதராஜன் சாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றியவர் என் கணவர்தான்.

மிதித்தார். பறக்கவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று எங்களை நிதானமாகத் தாண்டிப் போனது. அடுத்து ஒரு பைக்காரர் புகையிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்து, கண்ணாடிப் பக்கம் குனிந்து, "இன்னா பெர்சு, கொசு மருந்து அடிச்சிகினு போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வரதராஜன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சார், நாலு மாசம் முன்னாடிதானே டர்போவைச் சரி பண்ணீங்க?"

"பண்ணேன் சார். எல்லாம் இவ கம்பெனிலதான். வேலை லட்சணம் தெரியுதில்ல?" என்றார் என் கணவர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து.

நான் பின் சீட்டில் கிடந்த பழைய பேப்பரால் புகையை விசிறிக்கொண்டிருந்தேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

எப்படியோ உருட்டிப் பாலத்தைத் தாண்டினோம். வரதராஜன் சார் ஆட்டோ பிடித்தார், விமானத்தையும் பிடித்துவிட்டார். என் மானம்தான் பாலத்து ஏற்றத்திலேயே நின்றுபோனது. ஏனென்றால், 'இவ கம்பெனி' என்று அவர் சொன்னாரே, அந்த டர்போவைப் பிரித்து, பேலன்ஸ் பார்த்து, திரும்பப் பூட்டி, அதன் இரும்பு உடம்பில் எலெக்ட்ரிக் பேனாவால் 'க' என்று எழுதியது இந்தக் கலைச்செல்விதான்.

எல்லாமே டர்போ

நம் ஊரில் டர்போ இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டு மிக்ஸியின் நெற்றியில் டர்போ. மின்விசிறியில் டர்போ. துணி துவைக்கும் பவுடர் பாக்கெட்டில்கூட ஒருமுறை பார்த்தேன். இவை எதிலும் டர்போ கிடையாது என்பதைச் சொன்னால், சொன்னவளுக்குத்தான் கெட்ட பெயர்.

என் கணவர் ஓய்வுக்குப் பிறகு, செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கினார். அதில் நிஜமாகவே டர்போ இருந்தது, பழைய சொந்தக்காரர் ஓட்டித் தேய்த்தது. ஆனால் பின்பக்கத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதாத டர்போ இருந்து என்ன பயன்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், பழைய சைக்கிள் மணிக்கும் உடைந்த கடிகாரத்துக்கும் நடுவில் தேடி, 'டர்போ' என்று பளபளக்கும் எழுத்துகளை வாங்கிவந்து ஒட்டினார். கொஞ்சம் சாய்வாக ஒட்டிவிட்டார். வேகத்தால் சாய்ந்திருக்கிறது என்று விளக்கமும் சொன்னார்.

அது என்னதான் செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ரயிலைத்தான் காட்டுவேன். காலை எட்டு மணிக்குப் பீச் ஸ்டேஷன் போகும் வண்டி குரோம்பேட்டைக்கு வரும்போது பெட்டி நிறைந்திருக்கும். இனி ஒருவர்கூட ஏற முடியாது என்று நாம் நினைப்போம். பின்னாலிருந்து ஒரு கூட்டம் தள்ளும். இருபது பேர் உள்ளே போய்விடுவார்கள். பெட்டி அதேதான், ஆள்தான் அதிகம்.

இன்ஜினும் அப்படி ஒரு பெட்டி. டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் தானாக மூச்சை இழுத்து, வந்த காற்றை வைத்துக் குடும்பம் நடத்தும். டர்போ பின்னாலிருந்து காற்றைத் தள்ளி ஏற்றும். காற்று அதிகமானால் டீசலையும் அதிகமாக எரிக்கலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலையைச் செய்யும்.

தள்ளுகிற பலம் எங்கிருந்து வருகிறது? வீணாய் வெளியே போகிற புகையிலிருந்து. சூடாக, வேகமாக வரும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதன் நடுவில் விரல் கனத்துக்கு ஒரு தண்டு, ஷாஃப்ட் என்போம். அதன் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் அனுப்புகிறது. அமுக்கினால் காற்று சூடாகிப் பரந்துவிடும் என்பதால் நடுவழியில் அதைக் குளிரவைத்து அனுப்புவார்கள். அவ்வளவுதான் விஷயம். வேண்டாம் என்று கழித்ததை வைத்தே காரியம் சாதிப்பது. கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதும் என் கணவர் கண்டுபிடித்திருக்க வேண்டிய சங்கதி, யாரோ முந்திக்கொண்டார்கள்.

ஒரு குறை உண்டு. மிதித்த உடனே பலம் வராது. புகை சேர்ந்து, சக்கரம் வேகம் பிடித்து, காற்று போய்ச் சேர ஒரு கணம் ஆகும். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவர் என்பதால், அந்தத் தாமதம் மட்டும் அவரை உறுத்தவே இல்லை.

முக்கியமானதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். அந்த ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயை அனுப்புவது இன்ஜின். இன்ஜினை நிறுத்தினால் எண்ணெய் நின்றுவிடும். ஆனால் ஷாஃப்ட் உடனே நிற்காது. எண்ணெய் இல்லாமலே, கொதிக்கிற சூட்டில், சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் வேகமாக ஓட்டிவந்தால், அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். சக்கரம் வேகம் தணியும், சூடு இறங்கும்.

ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

ஸ்கூட்டர் புத்தி

எங்கள் காலனியில் எல்லோரிடமும் ஸ்கூட்டர் இருந்த காலம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆண்கள் ஒவ்வொருவராக வேலையிலிருந்து வருவார்கள். பால் பூத் முனை திரும்பியதும், ஒரு கை மட்டும் சீட்டுக்கு அடியில் போகும். அங்கே பெட்ரோலை மூடும் திருகு இருக்கும். அங்கேயே மூடிவிட்டால், கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் வண்டி வாசல் வரை வந்துவிடும். சரியாக வாசலில் உயிர் போக வேண்டும். அதுதான் சாமர்த்தியம்.

முன்னாலேயே நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அப்படி ஒரு சாயங்காலம் வரதராஜன் சார் மழையில் தள்ளிக்கொண்டு வந்ததை என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். அவர் ஒருநாளும் தள்ளியதில்லை. வாசல்படிக்கு முன்னால், வண்டி 'டுப்' என்று நிற்கும். இறங்கும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும் பாருங்கள், எனக்குப் பிரசவமானபோதுகூட அவ்வளவு இருந்ததாக ஞாபகம் இல்லை.

(நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரை அவர் வாராவாரம் படிக்கிறார். படித்துவிட்டு, "நான் அப்படியா?" என்று கேட்கிறார். இல்லை என்று நான் இதுவரை சொன்னதில்லை.)

ஸ்கூட்டர் போய் பல வருஷம் ஆகிவிட்டது. புத்தி போகவில்லை. காரில் பெட்ரோல் திருகு கிடையாது, சாவிதான் இருக்கிறது. அதனால் அவர் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக ஒரு மிதி மிதிப்பார். வண்டி சீறிக்கொண்டு வேகம் பிடிக்கும். பால் பூத் முனையில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவார். அங்கிருந்து எங்கள் வாசல் வரை, சத்தமே இல்லாமல், வெறும் வேகத்திலேயே உருண்டுவரும்.

ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக் கல்லாகிவிடும். நான் முருகா என்று கண்ணை மூடிக்கொள்வேன். கார் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். "பாத்தியா, ஒரு சொட்டு டீசல் வேஸ்ட் இல்ல" என்பார்.

ஒரு டர்போவைக் கொல்வதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. சாதாரணமாக ஓட்டிவந்து அணைப்பவர்கள் உண்டு. உச்ச வேகத்துக்குச் சக்கரத்தை ஏற்றிவிட்டு, அந்தக் கணத்தில் எண்ணெயை நிறுத்துகிறவர் இவர் ஒருவர்தான். அதுவும் தினமும், நேரம் தவறாமல், ஒரு நித்திய பூஜையாக.

நான் சொல்லாமல் இல்லை. வண்டி வந்த வாரமே சொன்னேன். "நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஓடவிடுங்க. டர்போ போயிடும்."

"ஒரு நிமிஷமா? டீசல் என்ன உங்க அப்பா வீட்டுக் கிணத்துலயா ஊறுது?"

இரண்டாம் முறை சொன்னேன். "உனக்கென்ன தெரியும், நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன்" என்றார். மூன்றாம் முறை அவர் காதில் விழும்படி பாத்திரத்தை மட்டும் நங்கென்று வைத்தேன். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேறு எந்த வாடிக்கையாளராக இருந்தாலும் நான்காம் முறையும் சொல்லியிருப்பேன்.

என் எழுத்து

நான் வேலை செய்கிற இடம் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட். பதினெட்டுப் பேர். பழுதான டர்போக்கள் லாரியிலிருந்தும் வேனிலிருந்தும் காரிலிருந்தும் வரும். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, சக்கரத்தையும் ஷாஃப்டையும் பேலன்ஸிங் மெஷினில் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்பைச் சீவ வேண்டும். அந்த மெஷினில் இருபது வருஷத்துக்கு மேலாக நான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலனியில் அப்போது இது யாருக்கும் தெரியாது. "ஒய்ஃப் ஒரு கம்பெனியில ஆபீஸ் வேலை பாக்கறா" என்று என் கணவர் ஆரம்பத்திலேயே ஊரறியச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நகக்கண்ணில் கிரீஸோடு வந்து இறங்குபவளை யாரும் எந்த ஆபீஸ் என்று கேட்கவில்லை. மரியாதையான காலனி.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. டர்போவைப் பூட்டி முடித்தவர் தன் எழுத்தை அதன்மேல் எழுத வேண்டும். மற்றவர்கள் இங்கிலீஷ் எழுத்து போடுவார்கள். நான் 'க' போடுவேன். அது திரும்பி வந்தால், யார் எழுத்தோ அவர்தான் பிரிக்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரிலேயே நிற்பார். ஷாஃப்ட் வெளியே வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தப்பு நம்முடையது என்றால், சுவரில் தொங்கும் கரும்பலகையில் தன் எழுத்துக்கு நேராகத் தன் கையாலேயே ஒரு கோடு போட வேண்டும்.

அந்தப் பலகையில் எல்லோருக்கும் கோடு உண்டு. ஃபிட்டர் ஏழுமலை அண்ணனுக்கு மூன்று. முதலாளி தாமஸ் சாருக்கே ஒன்று. 'க' வுக்கு நேராக மட்டும் வெறும் கறுப்பு. வேறு பெண்கள் நகை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்களே, நான் அந்த வெறும் கறுப்பைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். யாருக்கும் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும்.

இப்போது என் சொந்த வீட்டு வண்டியின் டர்போ திரும்பி வருகிறது.

இரண்டு விதச் சாவு

டர்போ இரண்டு விதமாகச் சாகும். பேலன்ஸ் சரியில்லை என்றால் ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தேயும். பளபளவென்று வெள்ளையாக, ஒரே பக்கம். எண்ணெய் இல்லாமல் ஓடியது என்றால் வெந்துபோய் நீலம் பாரித்திருக்கும், சுற்றிலும் கரி பிடித்திருக்கும். வெள்ளை என்றால் தப்பு என்னுடையது. நீலம் என்றால் ஓட்டியவருடையது.

நீலமாகத்தான் இருக்கும் என்று பாலத்திலேயே எனக்குத் தெரியும் என்று சொல்ல ஆசைதான். தெரியாது. பயந்தேன். அந்த டர்போவை நான் செய்த வாரம் எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். நம் வீட்டு வண்டி என்று இரண்டு முறை கூடுதலாகச் சரிபார்த்தேன். காய்ச்சலில் இரண்டு முறை பார்ப்பது ஒரு முறை பார்ப்பதைவிட மோசம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் கொடுத்த டர்போவை ஒரு பிக் ஷாப்பர் பையில் போட்டுக்கொண்டு என் கணவர் யூனிட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் நான் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை; நாலு மாசம் முன்னால் அதை நானேதான் தூக்கிவந்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு ஃபைல்.

தாமஸ் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "கலைம்மா, வீட்டு விஷயம். வேணும்னா ஏழுமலை திறக்கட்டும். எதுவா இருந்தாலும் ஃப்ரீயா மாத்திக் குடுத்துடலாம். போர்டுல ஒண்ணும் எழுத வேணாம். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

நிம்மதி. நல்ல வார்த்தை. ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. பிறகு யோசித்தேன். கோடு போடாமல் விட்டால் பலகை சுத்தமாக இருக்கும், ஆனால் சந்தேகம் இருக்கும். சந்தேகத்தோடு இன்னொரு 'க' எழுத என் கை வராது.

"நானே திறக்கறேன் சார்" என்றேன்.

ஷாஃப்ட் வெளியே வரும்வரை

மேஜையைச் சுற்றி நின்றார்கள். என் கணவர் எனக்கு நேர் எதிரே. ஃபைலைத் திறந்து எங்கள் யூனிட் கொடுத்த உத்தரவாத அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

லேமினேட் செய்திருந்தார்.

அவர் எதையும் லேமினேட் செய்யாமல் விடமாட்டார். ரேஷன் கார்டு, கரண்ட் பில் அட்டை, எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக மூச்சு முட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த அட்டையும் அப்படியே, கண்ணாடி போல. பின்பக்கத்தில் 'கவனிக்க' என்று போட்டு ஐந்து வரிகள் அச்சடித்திருக்கும். இரண்டாவது வரி: இன்ஜினை அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஓடவிடவும். எண்ணெய் படாமல், தூசி படாமல், கண் படாமல் காப்பாற்றியிருந்தார்.

நான் போல்ட்டுகளைக் கழற்றினேன். மூடி வந்தது. முதலில் கண்ணில் பட்டது காற்றுச் சக்கரம். அதன் இறக்கைகள் கூட்டில் உரசி, ஓரமெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தன. ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் போனால் எந்தக் காரணத்தால் போனாலும் சக்கரம் உரசத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளை என்பது வெள்ளைதானே.

"பாத்தீங்களா, தேஞ்சிருக்கு" என்றார் என் கணவர்.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் தாமஸ் சார். என் கணவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு இருபத்தெட்டு வருஷத்தில் கைகூடாதது, தாமஸ் சாருக்கு ஒரே வாக்கியத்தில் கைகூடியது.

ஷாஃப்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கரி பிடித்து ஒட்டியிருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டி மறுபடி இழுத்ததும் கையோடு வந்தது. துணியால் துடைத்தேன்.

நீலம். மயில் கழுத்து நீலம். பேரிங் உட்காரும் இரண்டு இடத்திலும், சுற்றிலும், ஒரே சீராக.

ஏழுமலை அண்ணன் பத்து நாள் லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார். எதிரே நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது. ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டது, இனி பேசலாம் என்பது மட்டும் தெரியும். என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இன்னாக்கா இது, இப்டி வெந்து கீது? முறுக்கிகினு வந்து படக்குனு ஆஃப் பண்ற பார்ட்டி போல. இந்த மாதிரி ஆளுங்க கைல வண்டிய எவன் குட்தான்? மாட்டு வண்டி குட்தா மாடே செத்துப்பூடும்."

யாரும் சிரிக்கவில்லை. தாமஸ் சார் மேற்கூரையைப் பார்த்தார். என் கணவரின் காதுகள் சிவந்தன.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தாமஸ் சார் என்னிடம்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே ஒரு கணம் கூடுதலாகக் காக்கவைத்தேன். பிறகு எங்கள் யூனிட்டில் எல்லா வாடிக்கையாளரிடமும் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டேன்.

"சார், வண்டியை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஓடவிடுவீங்களா?"

அவர் நிமிர்ந்தார். முப்பது வருஷம் அதிகாரிகள் முன் நின்ற பழக்கம் என்று நினைக்கிறேன்.

"இல்ல மேடம்" என்றார்.

நான் சோதனை அட்டையில் எழுதினேன்: எண்ணெய் நின்ற பிறகும் சுற்றியதால் வெந்துபோனது. பேலன்ஸில் குறை இல்லை. கீழே கையெழுத்துப் போடச் சொல்லி அவரிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்று முறை படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது, லேமினேட் செய்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார். போட்டுவிட்டு, தாமஸ் சாரிடம் கேட்டார்.

"இதுக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?"

கரும்பலகைப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே இருக்க முடிந்தது, அதுதான் சந்தோஷம். கழுவுமிடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள். காய்ச்சல் அன்றைக்குத்தான் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பால் பூத் முனை

அந்த டர்போவை நானே மறுபடி செய்தேன். பழைய 'க' வின் பக்கத்தில் இன்னொரு 'க' போட்டேன். வண்டியில் பூட்டியானதும், சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் முருகனைப் பார்க்க அழைத்துப் போனார். போகும்போதும் வரும்போதும் டர்போவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வெயிலைப் பற்றியும், மலைப்படியில் விற்ற மாங்காயைப் பற்றியும் பேசினார். நானும் ஆமாம் என்றேன்.

எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். பழக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீறல் வரவில்லை. பால் பூத் தாண்டியது. இன்ஜின் சத்தம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கார் எங்கள் கேட் முன்னால் நின்றிருந்தது, ஓடிக்கொண்டே. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பூனாவிலிருந்து திரும்பியிருந்த வரதராஜன் சார் தன் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தார். எங்கள் தெருவில் நின்ற வண்டியில் இன்ஜின் ஓடுவது என்பது, யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதற்கான அடையாளம்.

"என்ன சார், சாவி மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். டர்போ ஆறணும். ஒரு நிமிஷம்" என்று கண்ணாடியை இறக்கினார் என் கணவர். ஊருக்கு உபதேசம் ஆரம்பமானது. புகையாம், சக்கரமாம், எண்ணெயாம், நிமிஷத்துக்கு ஐம்பதாயிரம் சுற்றாம். பாதியைக் குறைத்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அடேயப்பா" என்றார் வரதராஜன் சார். "யூடியூப்ல பாத்தீங்களா?"

ஆமாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு அதில் வருத்தமும் இருந்திருக்காது, பழகிவிட்டது. அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். ஒய்ஃப் சொன்னா. முன்னாடியே மூணு தடவை சொன்னா." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த டர்போவைப் பண்ணதே அவதான். அன்னிக்குப் பாலத்துல நின்னுதே, அது அவ வேலை தப்பில்ல. நான் ஓட்டினது தப்பு."

"அவங்க ஆபீஸ் வேலைன்னு சொன்னீங்களே?"

"ஆபீஸ் இல்ல சார். ஒர்க்ஷாப். மெஷின்ல உக்காந்து பண்றா. டர்போல அவ எழுத்து இருக்கு, பானெட்டைத் திறந்து காட்டட்டுமா?"

வரதராஜன் சார் குனிந்து, அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மடியில் இருந்த என் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. மறைக்கவில்லை.

"லட்சம்" என்றேன். "ஐம்பதாயிரம் இல்ல. லட்சத்துக்கு மேல."

"கேட்டுக்குங்க சார்" என்றார் என் கணவர் வரதராஜன் சாரிடம்.

அவர்கள் இருவரும் மேற்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் முடியாது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் தாண்டி, இரண்டு தாண்டி, மூன்றும் தாண்டப் போகிறது. டீசல் என்ன எங்கள் அப்பா வீட்டுக் கிணற்றிலா ஊறுகிறது?

நான்தான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.